செவ்வாய்க்கிழமை பார்த்த ஜீப்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். அவள் போன பிறகு எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தார்கள். ஆறு பேரும் இன்று தங்கள் காலில் நிற்கிறார்கள். படிப்பு என்று பார்த்தால், என் பெயரை எழுத வரும். பஸ் போர்டில் முதல் எழுத்தைப் பார்த்து எங்கே போகிற பஸ் என்று சொல்ல வரும். அவ்வளவுதான். ஆனால் பழைய ஜீப் வாங்குவதென்றால் எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு என்னிடம் ஆள் வருகிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். சனி, ஞாயிறு மலை ஏறுவதற்கு வாங்குகிறார்களாம். ஏறி என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இறங்கி வருவோம் என்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

நாங்கள் ஜீப் வாங்கியது சோறு ஏற்ற. தொண்ணூறுகளின் கடைசி. ஆஸ்டின் டவுனை விட்டுச் சந்தாபுராவுக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்போது பெங்களூரில் திரும்பிய பக்கமெல்லாம் கட்டடம். கட்டடத்துக்கு ஜல்லி வேண்டும், ஜல்லிக்காக ஆனேக்கல் பக்கத்துக் குன்றை உடைத்தார்கள், உடைக்கிறவர்களுக்குப் பசிக்கும். அங்கேதான் நானும் என் மூத்த மருமகளும் போய்ச் சேர்ந்தோம். குவாரி ஆட்கள் பாதிப் பேர் தர்மபுரி, சேலம் பக்கம். களி தின்று தின்று சலித்துவிட்டது, மத்தியானம் சோறும் சாம்பாரும் வேண்டும் என்றார்கள். என் சாம்பாரை யாரும் குறை சொன்னதில்லை. சொன்ன ஓரிருவரும் பிறகு திருந்திவிட்டார்கள்.

ஆனேக்கல் ரோட்டிலிருந்து பிரிந்து குன்றுக்குப் போகிற வழி முழுக்கச் செம்மண். வெயில் நாளில் ஆட்டோ மேலே வரைக்கும் போகும். மழை பெய்தால் பாதி வழியில் வாய்க்கால் குறுக்கிடுகிற மோரிப் பாலத்தோடு ஆட்டோக்காரர் நின்றுவிடுவார். "இதுக்கு மேல என் வண்டி போகாதும்மா, நீங்க போங்க" என்பார், ஏதோ எங்களுக்கு மரியாதை செய்கிற மாதிரி. அதற்கு மேல் அண்டாவின் இரண்டு காதிலும் கழியைக் கொடுத்து நானும் மருமகளும் தூக்கிக்கொண்டு ஏறுவோம். ஒரு நாள் அவள் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். சாம்பார் மொத்தமும் குன்றுக்குப் போய்விட்டது. ஆட்கள் வெறும் சோற்றை ஊறுகாயோடு தின்றார்கள்.

குவாரி மேனேஜர் மறுநாள் எங்களை நிறுத்தினார்.

"அம்மா, உங்க சாம்பார் நல்லாத்தான் இருக்கு. கீழ ரோட்ல அது நல்லா இருந்து எனக்கு என்ன லாபம்? தீபாவளிக்குள்ள மழையிலயும் மேல வர்ற மாதிரி ஒரு வண்டி பாருங்க. இல்லேன்னா அத்திப்பள்ளி மெஸ்காரர் டிராக்டர் வெச்சிருக்காரு. அவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

நான் அழுகிற ஆள் இல்லை. மருமகளும் அழவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தாள். அது அவளுக்கு வழக்கம் இல்லை. அவள் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டுத்தான் இந்த மெஸ்ஸுக்கு வந்தாள். விடும்போது அங்கே இருந்த சூப்பர்வைசரைக் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தாள். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்ன பிறகு அந்தக் கதவு திறக்காது. கையில் இருந்தது அவளுடைய பி.எஃப். பணம் ஒன்றுதான். அது ஒரு பழைய வண்டிக்குக் காணும். அந்த வண்டி சரியில்லை என்றால் வண்டியும் இல்லை, மெஸ்ஸும் இல்லை, போய் நிற்க வேறு இடமும் இல்லை.

என் மகனுக்கு அப்போது ஷிப்டு வேலை. விஷயத்தைச் சொன்னோம். "ஜீப் எதுக்கு? ரெண்டு கழுதை வாங்கினா டீசல் செலவும் மிச்சம்" என்றான்.

"ஒண்ணுதான் வாங்கணும்" என்றாள் மருமகள். "இன்னொண்ணு வீட்ல இருக்கு."

அவன் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினான்.

வாங்குவது என்று முடிவானதும் நாங்கள் செய்தது எல்லோரும் செய்கிற தப்பு. நல்ல நாள் பார்த்தோம். ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி; அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்றைக்குப் போய் வண்டி எடுப்பது என்று நானேதான் சொன்னேன். அல்சூர் பக்கம் ஒரு பழைய வண்டி வியாபாரி இருந்தார். எங்களோடு ஆஸ்டின் டவுன் மெக்கானிக் பாயும் வந்தார். எங்கள் தெருவில் ஷெட் போட்டிருந்தவர். மருமகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அதில் அவருடைய ஷெட் கதவு ஒன்று போயிற்று. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வியாபாரியின் இடத்துக்குப் போனால், வாசலில் பூசணிக்காய் உடைத்த குங்குமம் இன்னும் ஈரமாகக் கிடந்தது. உள்ளே வண்டிகள் எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி நின்றன. எங்களுக்கென்று காட்டிய ஜீப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்னால் செவ்வந்தி மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தது.

"மிலிட்டரி வண்டி அம்மா. ஏலத்துல எடுத்தது. ஒரே ஒரு கர்னல் ஓட்டினது. அவரும் கோயிலுக்குப் போகத்தான் ஓட்டினாரு" என்றார் வியாபாரி.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா?" என்றாள் மருமகள்.

"ஆமா தாயி, கரெக்டா சொன்னீங்க."

சாவியைத் திருகினார். ஒரே திருகில் வண்டி பிடித்தது. மருமகள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் மலர்ந்ததுதான். பிறகு இன்ஜின் மூடியின் மேல் கையை வைத்தேன். சுட்டது. காலையிலிருந்து பூஜை ஊர்வலம் என்று ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அடுப்பு எரிகிற வீட்டில் போய் அடுப்பு நன்றாகப் பற்றுகிறதா என்று கேட்பதுபோல் இது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். கற்பூரமும் ஊதுபத்தியும்தான் வந்தது. எண்ணெய் கருகிய வாசனை இருந்திருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. அடியில் பார்த்தேன். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியிருந்தார்கள். ஒழுகுகிறதா, துருப்பிடித்ததா, ஒன்றும் சொல்ல முடியாது. பூஜை நாளில் வண்டி பார்ப்பது மேக்கப் போட்ட பிறகு பெண் பார்ப்பது. இது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் நல்ல நாள் என்று சொன்னவளே நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

வண்டியைச் சுற்றி வந்தேன். ஆயுத பூஜைப் பொட்டு எங்கே எங்கே வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? கிரைண்டருக்கும் அருவாமனைக்கும் வருஷா வருஷம் நான்தான் வைக்கிறேன். வண்டிக்கு முன்மூடியில், விளக்கில், சக்கரத்தில், ஸ்டியரிங்கில் வைப்பார்கள். இந்த ஜீப்பில் முன் சக்கரத்துக்குப் பின்னால், அடியில் நீளமாக ஓடுகிற இரும்புச் சட்டத்தில், உள்பக்கமாக ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. கட்டை விரல் தடிமன். சாமியே குனிந்தால்தான் அதைப் பார்க்க முடியும்.

நான் உட்கார்ந்து அதை நகத்தால் சுரண்டினேன்.

"அத்தே! கையை எடுங்க" என்று மருமகள் பதறினாள். "நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிக்கிறீங்களே!"

வியாபாரியும் ஓடி வந்தார். "அம்மா, பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? பூஜை ஆன பொட்டு!"

"என் பொட்டே போய் பத்து வருஷம் ஆச்சு. உன் வண்டிப் பொட்டு போனா என்னப்பா" என்றேன்.

நான் சுரண்டி முடித்தேன். சந்தனத்துக்கு அடியில் வெல்டிங் வைத்த தழும்பு. கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் அவசரமாகத் தைத்த மாதிரி. சட்டம் அங்கே விட்டுப்போய், ஒட்டவைத்து, மேலே பெயிண்ட் பூசி, பெயிண்டும் மறைக்காததால் சாமியை உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பாய் அதுவரை ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். தழும்பைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு அடியில் ஊர்ந்து போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"அரே மா, இங்க முன்னாடி தண்டே இல்ல!"

"என்ன தண்டு?"

"இன்ஜின்லேர்ந்து முன் சக்கரத்துக்குப் போற தண்டு. அது இருந்தாதான் நாலு சக்கரமும் இழுக்கும். கழட்டி வித்துட்டானுங்க. உள்ள லீவர் ஆடுது, ஆனா அது சும்மா ஆடுது. இதுவும் ஆட்டோவும் ஒண்ணுதான் மா. ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் கம்மி, அவ்ளோதான்."

வியாபாரி கொஞ்சமும் அசரவில்லை. "டீசல் மிச்சம் ஆகும்னுதான் கழட்டினது. உங்களுக்கு லாபம்தானே?" என்றார். அவரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வியாபாரம் தெரிந்திருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது மருமகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இனிமே நல்ல நாளுக்கு எங்க போறது? தீபாவளி வந்துடும்" என்றாள்.

"நல்ல நாள்ல வண்டி நல்லா இருக்கும். நமக்கு வேண்டியது கெட்ட நாள்ல நல்லா இருக்கற வண்டி" என்றேன்.

"இதை நேத்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நேத்து தெரியாது."

அடுத்து கேள்விப்பட்டது ஆனேக்கலுக்கு அப்பால் ஒரு கோழிப் பண்ணைக்காரரின் ஜீப். பாய்தான் விசாரித்துச் சொன்னார். பண்ணைக்காரர் கன்னடக்காரர், வயதானவர், கண் மங்கிவிட்டதால் ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். "வியாழக்கிழமை வாங்க, கழுவி பூஜை போட்டு வைக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் சரி என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மருமகளையும் பாயையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். கூடவே சாம்பார் அண்டாவும் வந்தது. பஸ் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்டார். உட்கார இடம் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

பண்ணைக்காரர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்தார். "இவத்து மங்களவார அல்லவா தாயி? செவ்வாக்கிழமை நான் வண்டி கொடுக்க மாட்டேன்" என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொன்னார்.

"நாங்களும் வாங்க மாட்டோம். பாக்க வந்திருக்கோம். பாக்கறதுக்குக் கிழமை கிடையாது" என்றேன்.

அவர் யோசித்துப் பார்த்தார். அதில் தப்பு ஒன்றும் தென்படாததால் வேப்பங்குச்சியாலேயே ஜீப்பைக் காட்டினார்.

அது ஒரு கூரைக்கு அடியில் நின்றது. நிறம் என்ன என்று சொல்ல முடியாது. மேலே கோழி உட்கார்ந்திருந்தது, பல நாளாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை. மூடியின் மேல் கையை வைத்தேன். ராத்திரி அணைத்த அடுப்பு மாதிரி சில்லென்று இருந்தது. அடியில் காய்ந்த சேறு சேறாகத் தொங்கியது. பாய் அதைச் சுத்தியால் தட்டித் தட்டி உதிர்த்துப் பார்த்தார். இரும்பு கணீரென்றது. தண்டு இருக்கிறதா என்று நான் முதலில் அதைத்தான் கேட்டேன். "கீது மா, முன்னாடி பின்னாடி ரெண்டும் கீது" என்றார்.

தரையில் எண்ணெய் சொட்டிய கறுப்பு வட்டம் ஒன்று இருந்தது. நான் மருமகளை இழுத்துக் காட்டினேன். "இது வேண்டாம். ஒழுகுது."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "மா, இந்த வயசு ஜீப்பு எண்ணெய் சொட்டலேன்னாதான் பயப்படணும். உள்ள எண்ணெயே இல்லேன்னு அர்த்தம்." ஒழுகுவது எல்லாமே கெட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். குழாயில் அப்படித்தான். ஜீப்பில் அப்படி இல்லை. எவ்வளவு சொட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டி சுலபத்தில் பிடிக்கவில்லை. இருமியது, நின்றது, மறுபடி இருமியது. கோழிகள் இறங்கி ஓடின. பிறகு வெள்ளைப் புகை கூரையை மறைத்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. சில்லென்று இருக்கிற டீசல் வண்டி அப்படித்தான் எழுந்திருக்கும், எழுந்த பிறகும் புகைந்தால்தான் சனியன் என்றார் பாய்.

"ஏதாவது கோளாறு இருக்கா?" என்று பண்ணைக்காரரையே கேட்டேன். கேட்பதில் என்ன நஷ்டம்.

"ரெண்டாவது கியர் நிக்காது தாயி. கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டணும். கை எடுத்தா ஓடிப்போயிடும்."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்றாள் மருமகள்.

அதற்குப் பிறகுதான் அண்டா. பண்ணைத் தொட்டியில் தண்ணீர் மொண்டு அதைக் கழுத்து வரை நிரப்பி, பின்னால் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். பண்ணைக்குப் பின்னால் குட்டைக்கரை ஒன்று உண்டு. முந்தின ராத்திரி மழையில் ஊறிக் கிடந்தது. குவாரி வழியைவிட மோசம். மருமகளே ஓட்ட வேண்டும் என்றேன். வாங்குகிறவள் அவள், நாளைக்கு மழையில் பாயும் வரப்போவதில்லை, நானும் இறங்கித் தள்ளப்போவதில்லை.

வேலி ஓரத்தில் பண்ணை ஆட்கள் கூடிவிட்டார்கள். "பொம்பளை ஓட்டுது, ஓரமா நில்லுங்கடா" என்று ஒருத்தன் சத்தம் போட்டான்.

"நீ அங்கயே நில்லு, உன் மேல ஏத்தத்தான் பாக்கறேன்" என்று அவள் பதில் கொடுத்தாள். குரல் மட்டும்தான் தைரியம்.

முதலில் பின் சக்கரத்தின் இழுப்பில் மட்டும் ஏறினாள். பாதியில் சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றியது. வண்டி பக்கவாட்டில் குட்டைப் பக்கம் வழுக்கியது. அண்டா கயிற்றை முறுக்கியது. மருமகள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில், இனித் திறக்காத அந்தக் கார்மெண்ட்ஸ் கதவு எனக்குத் தெரிந்தது.

"நிறுத்துமா! லீவரைப் போடு! க்ளச்சை மெதுவா விடு!" என்று பாய் கத்தினார்.

நான் கரைக்கு ஏறி முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பாய் என்னை நகரச் சொன்னார். நகரவில்லை. லீவர் சும்மாவும் ஆடும் என்று அல்சூரில் பார்த்தாயிற்று. முன் சக்கரம் தானாக இழுக்கிறதா, பின்னால் தள்ளுவதால் உருள்கிறதா என்று பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

அவள் லீவரைப் போட்டாள். ஏதோ ஒன்று கடக்கென்று பல் பதிந்தது. அடுத்த நொடி முன் சக்கரம் அள்ளி வீசிய செஞ்சேறு என் மேல் விழுந்தது. புடவை, கழுத்து, கண்ணாடி, வாய். வண்டி என்னைத் தாண்டிக் கரை மேல் போய் நின்றது.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முன் சக்கரம் ஓகே மா" என்றார்.

அண்டாவில் ஒரு கை அளவு தண்ணீர்தான் குறைந்திருந்தது.

வியாழக்கிழமை போய் வண்டியை எடுத்தோம். பண்ணைக்காரர் சொன்னபடி கழுவிப் பூஜை போட்டு வைத்திருந்தார். கழுவிய பிறகுதான் அது நீலம் என்று தெரிந்தது. மகன் ஷிப்டு முடிந்து வந்து சுற்றிப் பார்த்தான். கோழி வாசனை வருகிறது என்றான். உங்கள் ஷிப்டுச் சட்டைக்கு இது தேவலை என்றாள் மருமகள்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், அடைமழை. வழியில் மோரி தெரியவில்லை, அதன் மேல் தண்ணீர் ஓடியது. ஆட்டோக்காரர் டீக்கடை ஓரத்தில் நின்று எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் முன் சீட்டில். பின்னால் சோறும், சாம்பாரும், பீன்ஸ் பொரியலும். அவள் இடது கையால் இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஓட்டிக்கொண்டு, வாயால் எனக்குத் தெரிந்த அந்தக் கன்னட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஏறினாள். நான் காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கதவடி வரை வந்தது, பிறகு இறங்கியது. செம்மண் மேட்டில் வண்டி ஒரு தடவை பின்னுக்கு வழுக்கியது. முன் சக்கரம் பிடித்துக்கொண்டது.

மேலே ஆட்கள் தகரக் கொட்டகையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் குடையோடு வந்து அண்டா மூடியைத் திறந்து பார்த்தார். ஆவி பறந்தது. மூடிவிட்டு, மருமகளைப் பார்த்து, "நாளையிலேர்ந்து ஜல்லி அரைக்கிற கிரஷர் ஆளுங்களுக்கும் சேத்துக் கொண்டாங்க" என்றார். அவள் சரி சார் என்றாள். அவர் போன பிறகு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நானே கரண்டியை எடுத்துப் பரிமாறப் போனேன்.

இவ்வளவுதான். கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை மொதல்லேர்ந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு. கொஞ்சம் சத்தமாவே படி, உங்கம்மா உள்ளதான் இருக்கா. அந்த வெல்டிங்கைக் கண்டுபிடிச்சது தான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா.